காலாவதியான தண்ணீர்

பர்யாலை மிராப் ஆனது, ஒன்றுக்குப் போன நேரத்தில்.

ஷின்கலையில் பழைய மிராப் மூட்டுவலி என்று கையை விரித்ததும், புது ஆளைப் பிடிக்க ஊர் கூடி உட்கார்ந்தது. மிராப் என்றால் ஊருக்குத் தண்ணீர் முறை வைப்பவன். எந்த வீட்டு மடையை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது, யார் கள்ள மடை வெட்டினான் என்று பார்ப்பவன். கூலி, அறுவடையில் கொஞ்சம் கோதுமை. மீதிக் கூலியை வசவாகக் கொடுத்துவிடுவார்கள். அதனால் எவனும் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அடக்க முடியாமல் பர்யாலை சுவருக்குப் பின்னால் ஒதுங்கினான். திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று அவனை ஒவ்வொருவராகக் கட்டித் தழுவினார்கள். யார் வீட்டிலோ சாவு என்று நினைத்து அவனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். விஷயம் தெரிந்தபிறகும் அந்த முகத்தை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. அதே மாதத்தில்தான் அமெரிக்கக்காரர்கள் வந்து ஊருக்கு மேலே மேட்டில் முகாம் போட்டார்கள்.

ஷின்கலையின் ஆப்பிள் மரங்கள் குடிப்பது மழையை அல்ல, கரேஸை. மலையடியில் ஒரு ஊற்றுக்கண் இருக்கிறது. அங்கிருந்து ஊர்வரைக்கும் பூமிக்கு அடியிலேயே, ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு, வாய்க்கால். அதில் இறங்கித் தூர் வாருவதற்காக வழி நெடுக நாற்பத்திரண்டு கிணறுகள். ஒவ்வொரு கிணற்று வாயைச் சுற்றியும், உள்ளேயிருந்து அள்ளிப்போட்ட மண் வட்டமாக நிற்கும். ஊர்க்காரனுக்கு அது ஆடு மேய்க்கப் போகிற வழியில் உட்கார ஒரு இடம். மேட்டில் வந்து இறங்கியவர்களுக்கு அது எதிரியின் பொந்து. வந்த ஆறாம் நாளே மண்தள்ளும் வண்டியைக் கொண்டுவந்து பன்னிரண்டாம் கிணற்றைக் குப்பையும் கல்லும் மண்ணுமாக மூடி, மேலே வண்டி நிறுத்த இடம் கட்டிக்கொண்டார்கள். பதினொன்றும் பதின்மூன்றும் அவர்கள் சுவருக்குள் போயின. அதற்கு மேலே மலைப்பக்கம் போகிறவனைச் சுடுவோம் என்று பலகை வைத்தார்கள்.

முன்பு எட்டு நாளைக்கு ஒரு தரம் வந்த முறைத்தண்ணீர் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ஆனது. பிறகு இருபத்தைந்து. கடைமடைக்குப் போய்ச் சேருவதற்குள் வாய்க்கால் மண்ணே பாதியைக் குடித்துவிடும். அடைத்தது அவர்கள். திட்டு வாங்கியது பர்யாலை.

"பன்னெண்டாங் கிணத்தைத் தூர் எடுக்க விடுங்கன்னு ஒரு வார்த்தை கேளு," என்றது ஊர். ஒரு வார்த்தைதான். அதைக் கேட்க அவனுக்குப் பத்து வருடம் ஆனது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஷின்கலையில் ஒருவனிடம் முதல் தடவை போகும்போது காரியம் பேசக்கூடாது. உடம்பு எப்படி, அப்பா எப்படி, பிள்ளைகள் எப்படி, மாடு கன்று எப்படி, விளைச்சல் எப்படி என்று மூன்று கோப்பைத் தேநீர் தீரும்வரை விசாரிக்க வேண்டும். பிறகு அவன் உன் வீட்டுக்கு வரவேண்டும். அதற்கப்புறம் நீ மறுபடி போகும்போது, எழுந்திருக்கிற நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் காரியத்தைச் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கேட்பவன் பிச்சைக்காரன். பர்யாலை பிச்சைக்காரன் இல்லை. ஆனால் முகாமின் தலைவன் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தான்.

முதல் தலைவனுக்குச் சிவந்த மீசை. பர்யாலை தலைப்பாகையைப் புதிதாகக் கட்டிக்கொண்டு, ஒரு பை உலர்ந்த மல்பெரிப் பழத்தோடு போனான். விசாரிப்பெல்லாம் ஒழுங்காக நடந்தது. மீசைக்காரனிடம் மாடு இல்லை, ஒரு நாய்தான் என்று தெரிந்து நாயையும் விசாரித்தான். மூன்றாவது கோப்பையில், பேச்சு வற்றிப்போன இடத்தில், "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே, என்ன விசேஷம்?" என்று கேட்டுவைத்தான்.

"ஒரு ஆளைப் பிடிக்க வந்திருக்கோம்," என்றான் மீசைக்காரன்.

"ஒரே ஆளா?"

"ஒரே ஆள்."

பர்யாலை வெளியே நின்ற வண்டிகளை ஒரு பார்வை பார்த்தான். "ஆள் நல்ல பருமனா இருப்பான் போல," என்றான்.

அடுத்த தடவை போனபோது மீசைக்காரன் ரோந்து போயிருந்தான். அதற்கடுத்த தடவை, மீசையே இல்லாத வேறொருவன் எழுந்து கை கொடுத்தான். மறுபடி முதலிலிருந்து அப்பா, பிள்ளை, விளைச்சல். அவன் தாங்கள் வந்தது பெண் பிள்ளைகள் படிப்பதற்காக என்றான். போகும்போது எட்டுக் கால்பந்து கொடுத்தனுப்பினான்.

வீட்டில் நஸ்தானா கதவிலேயே காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள். திட்டும்போது மட்டும் பட்டம் கொடுப்பாள்.

"வாங்க மிராப் சாகிப். கிணறு கேட்கப் போனீங்க, பந்து கொண்டாந்திருக்கீங்க. மரத்துக்கு எந்தப் பந்தை ஊத்தட்டும்?"

"முதல் நாளே கேட்டா மரியாதையா இருக்குமாடி?"

"அவன் உங்க கிணத்தை மூடறதுக்கு முன்னாடி எத்தனை டீ குடிச்சான்?"

பர்யாலை பந்தை உதைத்துக்கொண்டே கொட்டில் பக்கம் போய்விட்டான்.

மூன்றாவது வந்தவள் ஒரு பெண். பர்யாலைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவள் பூட்ஸைப் பார்த்தே எல்லா நலமும் விசாரித்தான். உங்கள் நாட்டில் ஒரு நல்ல அரசாங்கத்தை நிற்க வைக்க வந்திருக்கிறோம் என்று பூட்ஸுக்கு மேலேயிருந்து குரல் வந்தது. அவளிடம் இரண்டாம் தடவையே, வழக்கத்தை மீறி, தண்ணீர்க் கஷ்டம் என்று மட்டும் லேசாகக் கோடி காட்டினான். அவள் குறித்துக்கொண்டாள். நாற்பது நாளில் பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு அடிபம்பு முளைத்தது. மேலே பித்தளைத் தகட்டில் யார் பணத்தில் போட்டது என்று எழுத்து. அடிபம்பில் தண்ணீர் அடித்து ஆப்பிள் தோட்டம் வளர்த்தவன் உலகத்தில் எவனும் இல்லை. இரண்டு மாதத்தில் கைப்பிடி உடைந்தது. அதன் பிறகு அதில் கழுதை கட்டினார்கள்.

நான்காவது தலைவன் காலத்தில் தாவர்கான் செத்தான்.

ஊரில் கரேஸுக்குள் இறங்கத் தெரிந்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டே பேர். தம்பி ஜிலானி உள்ளே இறங்குவான், அண்ணன் தாவர்கான் மேலே நின்று கயிற்றுருளையைச் சுற்றுவான். இறங்குகிறவன் வெள்ளை உடுத்திக்கொண்டு போவது வழக்கம். மண் சரிந்தால், பிணத்துக்குச் சுற்றக் கபன் துணி தேட வேண்டாம் பாருங்கள். அன்று விடிந்தும் விடியாத நேரம், இருபதாம் கிணற்றில் வேலை. மேலே பறந்துகொண்டிருந்த எதற்கோ, சாலைக்கு அருகில் ஒரு குழி, ஒரு ஆள், ஒரு மண்வெட்டி தெரிந்திருக்கிறது. குண்டு புதைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டது. மேலே நின்றவன் போனான். உள்ளே இருந்தவன், வெள்ளை உடுத்தியவன், அடுத்த கிணற்று வழியாக ஊர்ந்து வந்து பிழைத்தான்.

மறுநாள் அந்தத் தலைவன் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னுமாக வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. பர்யாலை அவன் பக்கத்திலேயே, முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தான். அன்றைக்குக் கேட்டிருந்தால் பன்னிரண்டாம் கிணற்றைத் தன் கையாலேயே தோண்டித் தந்திருப்பான். ஆனால் துக்கம் கேட்க வந்தவனிடம் காரியம் பேசுகிறவன் மனிதனா? தாவர்கானின் பெண்டாட்டி பஸ்மினா உள்ளறையிலிருந்து ஒரு சத்தமும் காட்டவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

மாதம் ஒன்று போவதற்குள் அந்தத் தலைவனின் வண்டியே சாலையில் வெடித்து அவன் ஆட்கள் நான்கு பேர் போனார்கள். நம் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவன் வீட்டுத் துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. பர்யாலை மேட்டுக்கு ஏறினான். ஊர் அதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டது. முகாமுக்குள்ளே நான்கு துப்பாக்கிகளைத் தலைகீழாக நட்டு, மேலே தொப்பியை மாட்டி, கீழே ஒவ்வொரு ஜோடி பூட்ஸ் வைத்திருந்தார்கள். அதில் ஒரு ஜோடி ரொம்பச் சின்னது. தன் மகள் லைலுமாவின் காலுக்குச் சரியாக இருக்கும் என்று பர்யாலைக்குத் தோன்றியது. பர்யாலை இரண்டு கையையும் ஏந்தினான்.

மொழிபெயர்க்கும் பையன் ஃபரிதூன், காபூல்காரன், மெதுவாகக் கேட்டான்: "யாருக்கு மாமா துவா?"

"பூட்ஸுக்குடா. வேலையைப் பாரு."

ஃபரிதூன் மட்டும்தான் அந்த முகாமில் மாறாதவன். ஒருநாள் திரும்பும் வழியில் பர்யாலை அவனைப் பிடித்து உலுக்கினான். "ஏன்டா, உனக்குத் தெரியாதா கிணத்துக் கதை? நீயாவது புதுசா வர்றவன் காதுல போடக்கூடாதா?"

"நான் நீங்க சொல்றதை அங்க சொல்றவன், அவங்க சொல்றதை இங்க சொல்றவன். நானா ஒண்ணு சொன்னா அன்னிக்கே மூட்டை கட்டிருவாங்க மாமா. நீங்க சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்? நீங்க நாயை விசாரிச்சீங்க, நானும் நாயை விசாரிச்சேன்."

பிறகும் வந்தார்கள், போனார்கள். ஒருவன் உங்கள் மனசை ஜெயிக்க வந்தோம் என்றான். ஒருவன் இங்கே சண்டை போட்டால்தான் எங்கள் ஊரில் குண்டு வெடிக்காது என்றான். அதைக் கேட்டு வந்து பர்யாலை சொன்னபோது, அவனை லாலா, அண்ணன் என்று கூப்பிடுகிற ஜிலானி, "அப்ப நம்ம ஊரை அவங்க ஊருக்குப் பதிலா வெச்சிருக்காங்க," என்று மட்டும் சொல்லி எழுந்து போனான். முதல் தலைவன் சொன்ன அந்த ஒற்றை ஆளை நடுவில் வேறு ஏதோ நாட்டில் பிடித்துக் கொன்றும் விட்டார்கள். ரேடியோவில் கேட்ட அன்று பர்யாலை பெட்டியிலிருந்து துவைத்த சட்டையை எடுத்து வைத்தான், வழியனுப்பி வைக்கலாம் என்று. மேட்டில் இன்னும் இரண்டு கூடாரம் புதிதாக எழும்பியது.

அதற்குள் ஊரில் பாதி மரம் விறகாகிப் போயிருந்தது. மிச்சம் இருந்தவை தொள்ளாயிரம் மரங்கள். பத்தாம் வருடக் கோடையில், காய் எலுமிச்சை அளவுக்கு வந்த சமயத்தில், இலை சுருள ஆரம்பித்தது. இந்த மாதம் தண்ணீர் போகாவிட்டால் காய் மட்டுமல்ல, மரமே போய்விடும்.

அன்று காலை பர்யாலை தலைப்பாகையை உதறிக்கூடக் கட்டவில்லை. மல்பெரிப் பை எடுக்கவில்லை. நேரே மேட்டுக்குப் போனான். புதுத் தலைவன் ஒல்லி, வெயிலில் மூக்கு உரிந்தவன், முப்பது வயது இருக்காது. தேநீர் கொண்டுவரச் சொல்லிக் கையைத் தூக்கினான். பர்யாலை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"உன் வண்டி நிக்கிற இடத்துக்கு அடியில எங்க கிணறு இருக்கு. அதைத் தோண்டணும். தோண்டினா தண்ணி வரும். விடுவியா மாட்டியா?"

ஃபரிதூனுக்கு வாய் பிளந்துவிட்டது. "மாமா, சலாம்கூடச் சொல்லலியே நீங்க!"

"சலாம் பத்து வருஷத்துக்குச் சேர்த்துச் சொல்லியாச்சு. நீ சொல்லுடா."

சொன்னான். ஒல்லித் தலைவன் வரைபடத்தைப் பார்த்தான், வெளியே பார்த்தான். "வியாழக்கிழமை வர்றீங்களா?" என்றான்.

அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. பத்து வருடம், பதிமூன்று தலைவர்கள், எத்தனையோ நூறு கோப்பைத் தேநீர். பர்யாலை இறங்கி வரும்போது சிரித்தானா அழுதானா என்று ஆடு மேய்த்தவர்களுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து நஸ்தானாவிடம் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"புத்தி கெட்டுப்போச்சா? நான் எவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிட்டு வந்த தண்ணி!"

"முதல் நாளே கேட்டிருக்கலாம்டி," என்றான்.

அவள் ஒரு துண்டை எடுத்து அவன் முகத்தில் வீசினாள்.

வியாழக்கிழமை வண்டிகளை நகர்த்தி வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு போனார்கள். வாசலில் மூன்று தடவை தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். ஜிலானி வெள்ளை உடுத்தி வந்திருந்தான். காலையிலிருந்து கல்லும் மண்ணும் வந்தன. அதற்குக் கீழே வளைந்த கட்டில் கால், பல் துலக்கும் பிரஷ் ஒரு சாக்கு, உருகிப்போன பிளாஸ்டிக், யாரோ ஒருவனின் ஒற்றைக் கண்ணாடி. நடுப்பகலில் ஜிலானி கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். பர்யாலை கிணற்று வாயில் குப்புறப் படுத்துக் காதை வைத்தான். தண்ணீர்ச் சத்தத்துக்குத்தான்.

"என்னடா தெரியுது?"

"அடைப்பு விட்டுப்போச்சு லாலா. வழி திறந்துருச்சு."

"தண்ணி?"

பர்யாலை கயிற்றைப் பிடித்து உலுக்கினான்.

"டேய் ஜிலானி, தண்ணி?"

"கூழாங்கல் தெரியுது. காஞ்ச கல்லு. மேல்பக்கமும் போய்ப் பார்த்துட்டேன். ஈரம்தான் இருக்கு, தண்ணி இல்ல." அப்புறம் அவன் குரல் மாறியது. "லாலா, ஏதோ ஒரு மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது இங்க. பக்கத்துலயே."

பர்யாலை தலையைத் தூக்கினான். முப்பது அடி தள்ளி, தகரக் கொட்டகைக்குள், முகாமின் குழாய்க்கிணறு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நானூறு பேர் குளிக்க, துவைக்க, வண்டி கழுவ. கரேஸைவிடப் பல மடங்கு ஆழத்துக்குத் துளைபோட்டு, ஊற்றுக்கண்ணின் தலையிலேயே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் கிணறு பத்து வருடமாக எல்லோருடைய வாயிலும் விழுந்து எழுந்ததெல்லாம் வீண். கல் அடைத்ததும் உண்மைதான். அது முதல் வருடக் கதை. அதற்கப்புறம் தண்ணீரே வருடாவருடம் குறைந்து, இப்போது அடைக்க ஒன்றும் இல்லை.

அவன் எழுந்து போய் ஒல்லித் தலைவனின் முன்னால் நின்றான். "அந்த மோட்டாரை நிறுத்து."

"நிறுத்த முடியாது. ஆனா ஆறு வாரம் பொறுத்துக்குங்க. நாங்க காலி பண்ணிட்டுக் கிளம்பறோம். முகாமையே மூடறோம்."

"ஆறு வாரம் மரம் பொறுக்காது."

ஃபரிதூன் சொன்னான். தலைவன் உரிந்த மூக்கைச் சொறிந்தான். அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் பர்யாலைக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. தெரிந்து செய்தவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம்.

"ஒண்ணு கேக்கறேன், மரியாதைக்கு இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். நீங்க எதுக்குத்தான் வந்தீங்க? ஒருத்தன் ஆளைப் பிடிக்கன்னான், ஒருத்தி அரசாங்கம்ன்னா, ஒருத்தன் பள்ளிக்கூடம், ஒருத்தன் மனசுன்னான். நீ சொல்லு."

தலைவன் தகரக் கொட்டகைப் பக்கம் திரும்பினான். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான்.

"இந்தச் சண்டை ஆரம்பிச்சப்போ அவர் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தாராம்," என்றான் ஃபரிதூன். "வரும்போது அவரும் கேட்டாராம். நீங்க சொன்ன எல்லாத்தையும் அவர்கிட்டயும் சொன்னாங்களாம். இப்ப அவருக்குக் கொடுத்திருக்கிற வேலை, ஒருத்தரும் சாகாம எல்லாரையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கறதாம்."

"அதுக்கு வராமலே இருந்திருக்கலாமே," என்றான் பர்யாலை.

ஃபரிதூன் அதைச் சொல்லவில்லை. தலைவன் கேட்கவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினான். பிறகு, எதற்கும் வழியில்லாதவன் செய்வதுபோல், பர்யாலையை முகாமின் பின்பக்கம் கூட்டிப்போனான்.

அங்கே ஒரு மதில் அளவுக்குத் தண்ணீர் பாட்டில் அடுக்கியிருந்தது. எங்கோ கடல் பக்கத்து நாட்டில் அடைத்து, கப்பலில் ஏற்றி, பாகிஸ்தான் மலையெல்லாம் லாரியில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்த குடிநீர். ஷின்கலைத் தண்ணீரில் குளித்தவர்கள் குடித்தது இதை. போன மாதத்தோடு தேதி முடிந்துவிட்டதாம். சிப்பாய்கள் குடிக்கக்கூடாது, கிளம்புவதற்கு முன் குழியில் கொட்டிவிட வேண்டும் என்று உத்தரவு.

மேலே ஏறி வந்திருந்த ஜிலானி, உடம்பெல்லாம் சேறாகி, வெள்ளை வெள்ளையாக இல்லாமல் நின்றவன், ஒரு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தண்ணி எப்படிடா கெட்டுப்போகும்? பால் மாதிரி திரிஞ்சிருமா?"

"எனக்குத் தெரியாது லாலா. எழுதியிருக்கு," என்றான் ஃபரிதூன்.

"குழியில கொட்டணும், அவ்வளவுதானே?" பர்யாலை கேட்டான். "எங்க மரத்துக்கு அடியில குழி வெட்டித்தான் வெச்சிருக்கோம்."

தலைவன் உத்தரவுத் தாளை எடுத்துப் படித்தான். எந்தக் குழி என்று அதில் போடவில்லை.

மொத்தம் பதினெட்டாயிரம் பாட்டில். மூன்று நாள் கழுதையிலும் டிராக்டரிலும் இறக்கினார்கள். பிறகுதான் பர்யாலைக்குத் தலைவலி தொடங்கியது. ஒரு மரத்துக்கு முப்பது பாட்டிலாவது ஊற்றினால்தான் வேருக்கு இறங்கும். அதற்குக் குறைந்தால் மேல்மண் நனைந்து மாலைக்குள் ஆவியாகிவிடும். அப்படியென்றால் அறுநூறு மரம்தான். முந்நூறு மரத்துக்கு இல்லை. எந்த முந்நூறு?

பள்ளிவாசல் வாசலில் ஊரே கத்தியது. பர்யாலை பாட்டில் குவியல்மேல் ஏறி நின்றான்.

"கடைமடையிலிருந்து ஆரம்பிக்கறோம். தலைமடைக்கு மிஞ்சினாத்தான்."

தலைமடையில் அவனுக்கு அடுத்த தோட்டம் ஹாஜி நாதிருடையது. ஐம்பது வயதுக்காரர், நாக்கு நீளம். "எந்த ஊர்லடா தண்ணி கீழேயிருந்து மேல பாயும்? முதல் மடைக்குத்தான் முதல் முறை. என் அப்பன் காலத்துலேர்ந்து அதான்."

"உங்க அப்பன் காலத்துல தண்ணி வாய்க்கால்ல வந்துச்சு ஹாஜி, பாட்டில்ல வரல. பத்து வருஷமா கடைமடைக்கு முறை போய்ச் சேர்ந்ததே கிடையாது. நாம ரெண்டு பேரும் குடிச்சோம்."

"உன் மரமும்தான்டா தலைமடையில நிக்குது, மடப்பயலே!"

"தெரியும்."

ஹாஜி துப்பிவிட்டு எழுந்து போனார்.

முதல் வரிசை பஸ்மினாவின் மரங்கள். அவளுக்கு மண்வெட்டி பிடித்து மடை திருப்ப ஆள் இல்லாததால் இத்தனை வருடமும் பாதி முறை அடுத்தவன் தோட்டத்துக்கே போயிருந்தது. இன்று அவள் தானே முன்னால் வந்து உட்கார்ந்து, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூடி திருகினாள். பிறகு எல்லோரும். மண்வெட்டி பிடித்துக் காய்ச்சுப்போன கைதான், ஆனால் மூடி திருகுவதற்கு என்று அதில் இடம் இல்லை. நூறாவது மூடியில் கட்டைவிரல் சிவந்தது. ஐந்நூறாவதில் தோல் உரிந்தது. சிலர் துணி சுற்றிக்கொண்டார்கள், சிலர் கத்தியால் குத்தினார்கள், சிலர் அமெரிக்காவின் தாய் தகப்பன் பாட்டன் எல்லோரையும் இழுத்து வைத்து ஒவ்வொரு மூடிக்கும் ஒருவராகத் திட்டினார்கள். அது ஒன்றுதான் வேலையை வேகப்படுத்தியது. மேட்டில் மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் மாலை, ஹாஜி நாதிரின் வேலிக்கு நாற்பது மரம் முன்னாலேயே பாட்டில் தீர்ந்தது. கடைசிப் பாட்டிலை ஊற்றிவிட்டு ஊர் கலைந்தது. பர்யாலை தன் தோட்டத்துக்குள் நடந்தான். அவன் மரங்களில் இலை கருவாடு மாதிரி சுருண்டிருந்தது. காய்கள் சின்னதாக, கல்லாக, சில கீழே விழுந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துத் துப்பினான்.

கொட்டில் ஓரத்து மரத்தடியில் நஸ்தானா நின்றிருந்தாள். காலடியில் ரஜாய்ப் போர்வையில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவன் ரஜாயை விலக்கினான். மூன்று பெட்டி பாட்டில். முப்பத்தாறு.

"இது ஊர்த் தண்ணிடி."

"நான் ஓட்டின கழுதைலேர்ந்து நான் எடுத்தேன். எல்லாருக்கும் முறை வெச்சீங்களே, எனக்கு ஒரு மரத்துக்கு வெச்சீங்களா? திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கணும்னா நீங்களே தூக்குங்க. எனக்குக் கை உரிஞ்சுபோச்சு." கையை நீட்டினாள். உரிந்துதான் இருந்தது.

பத்து வருடத்தில் பர்யாலை ஒரு சொம்புத் தண்ணீர் கள்ளமாக எடுத்தவன் இல்லை. கள்ள மடை வெட்டியவனை, சொந்த மச்சானை, சந்தை நாளில் எல்லோர் முன்னாலும் அறைந்தவன். அவன் பெட்டியைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். அப்புறம் மரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்து, துணியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, முதல் மூடியைத் திருகினான். அது திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தான்.

பன்னிரண்டு ஊற்றியிருப்பார்கள். மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. ஹாஜி நாதிர்.

"மிராப் சாகிப்! அது யாரோட முறை?"

பர்யாலை பாட்டிலை மறைக்கவில்லை. வாயில் கடித்திருந்த மூடியைத் துப்பினான். "திருட்டு முறை. போய் ஊரைக் கூப்பிடு. இந்த வேலை உனக்குத்தான் வேணும்னா நாளைக்கே எடுத்துக்க, சந்தோஷமாக் கொடுக்கறேன்."

ஹாஜி கூப்பிடவில்லை. மரத்தைப் பார்த்தார். தனக்குப் பின்னால் வாடி நிற்கிற தன் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, மூட்டெல்லாம் முனக, மதில்மேல் காலைப் போட்டு இந்தப் பக்கம் இறங்கினார்.

"கழுதை மாதிரி கடிக்காதடா, பல்லு போயிடும். அடியை ஒரு தட்டுத் தட்டித் திருகணும். கொண்டா இங்க."

மூன்று பேரும் வேரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இன்னும் இருபத்துநான்கு மூடி இருந்தது.